உங்கள் பெயரில் ஓர் ஆடு

கிறிஸ்துமஸ் பரிசாக வீட்டுக்கு வருவது ஓர் அட்டை மட்டும்தான். ஆடு வேறொரு நாட்டில், வேறொரு வீட்டின் கொட்டிலுக்குப் போகிறது. அந்த ஆட்டின் பின்னால் 80 ஆண்டு வரலாறும், ஏழைக்குக் கொடுப்பது எப்படி என்ற தீராத கேள்வியும் நடந்து வருகின்றன.

சென்ற ஆண்டு டிசம்பர் கடைசி வாரத்தில் கோவில்பட்டி வீட்டுக்குத் தபாலில் ஓர் அட்டை வந்தது. அனுப்பியவள் நியூஜெர்சியில் வேலை பார்க்கும் என் அக்கா மகள். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊருக்கு வந்தால் எனக்கு ஒரு சட்டை கொண்டுவருவாள். அந்த முறை அவளால் வர முடியவில்லை. சட்டைக்குப் பதில் அட்டை. முன்பக்கத்தில் ஒரு வெள்ளாட்டின் படம். உள்ளே இரண்டே வரி. ஏழைக் குடும்பம் ஒன்றுக்கு ஆடு வழங்குவதற்காக என் பெயரில் நன்கொடை செலுத்தப்பட்டிருக்கிறதாம், எனக்கு வாழ்த்தாம்.

தொலைபேசியில் கேட்டேன். "மாமா, உங்களுக்குச் சட்டை எடுத்தா மடிச்சு பீரோவுலதான் வைப்பீங்க. இது எங்கேயோ ஒரு வீட்டுல பால் கறந்துக்கிட்டு இருக்கும்ல?" என்றாள்.

அட்டையை அம்மாவிடம் காட்டினேன். அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. கரிசல் காட்டில் கன்னி ஆடு மேய்த்து வளர்ந்தவர். பால்கன்னி எது, செங்கன்னி எது என்று தூரத்தில் வரும்போதே சொல்லிவிடுவார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: "பெட்டையா, கிடாயா? சினையாக் குடுத்தாகளா, வெறும் ஆடாக் குடுத்தாகளா? வாங்குன வீட்டுல தழை தண்ணிக்கு வழி இருக்கா?"

மூன்று கேள்விகளுக்கும் என்னிடம் பதில் இல்லை. அட்டையிலும் இல்லை. அவற்றைத் தேடிப் போனதில் பிறந்ததுதான் இந்தக் கட்டுரை.

கோப்பைப் பாலா, பசுவா?

இந்தக் கதை ஒரு போர்க்களத்தில் தொடங்குகிறது. 1930-களின் பிற்பகுதியில் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர். அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்து விவசாயி டான் வெஸ்ட் அங்கே நிவாரணப் பணிக்குப் போயிருந்தார். ஆயுதம் ஏந்துவதில்லை என்ற கொள்கையுடைய பிரெத்ரன் திருச்சபையைச் சேர்ந்தவர் அவர். பசித்த பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். அவர் பால் மாவைக் கரைத்துக் கோப்பை கோப்பையாக ஊற்றுவார். பால் அளவாகத்தான் வரும். பிள்ளைகள் அளவில்லாமல் வந்தார்கள்.

அந்த வரிசைதான் அவரை உலுக்கியது. இன்று ஊற்றும் பால் நாளைக்கு இல்லை. நாளைக்கும் இதே பிள்ளை இதே வரிசையில், இதே கோப்பையோடு நிற்க வேண்டும். இவர்கள் வீட்டிலேயே ஒரு பசு நின்றால் இந்த வரிசையே வேண்டாமே என்று யோசித்தார். கோப்பைப் பால் வேண்டாம், பசுவைக் கொடுப்போம் என்பது ஊர் திரும்பியதும் அவர் முழக்கமானது. அக்கம்பக்கத்து விவசாயிகள் ஆளுக்கொரு கன்று வளர்த்துத் தர முன்வந்தார்கள்.

1944-இல் அமெரிக்காவின் தென்கரைத் துறைமுகமான மொபீலிலிருந்து 17 கிடாரிகள் கப்பலேறி, கரீபியக் கடலில் உள்ள புவேர்ட்டோ ரிக்கோ தீவில் இறங்கின. அந்த அமைப்பின் பெயரே 'ஹெய்ஃபர்'. நம் ஊரில் கிடாரி என்கிறோமே, முதல் ஈற்றுக்குக் காத்திருக்கும் இளம்பசு, அதற்கு ஆங்கிலத்தில் அந்தப் பெயர். 'ஹெய்ஃபர் இன்டர்நேஷனல்' என்று வளர்ந்து, அர்க்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் நகரைத் தலைமையிடமாகக் கொண்டு இன்றும் இயங்குகிறது.

கிடாரியைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு விவசாயியின் கணக்கு இருக்கிறது. கறந்து ஓய்ந்த மாட்டை யாரும் தள்ளிவிடலாம். சினைக் கிடாரி என்றால் போன இடத்தில் ஈனும். பாலும் வரும், கன்றும் வரும். அம்மாவின் இரண்டாவது கேள்விக்கு டான் வெஸ்ட் 80 ஆண்டுகளுக்கு முன்பே பதில் சொல்லிவிட்டார்.

அவர் விதித்த நிபந்தனை அதைவிடப் பெரியது. மாடு பெற்ற குடும்பம், அது ஈனும் முதல் பெண் கன்றை வளர்த்து, இல்லாத இன்னொரு குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டும். வாங்கியவர் கொடுப்பவராக மாறினால்தான் கணக்கு முடியும்.

கடல் கடந்த மாட்டுக்காரர்கள்

இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது ஐரோப்பாவின் தொழுவங்கள் காலியாக இருந்தன. உழவுக்குக் குதிரை இல்லை, பிள்ளைக்குப் பால் இல்லை. ஐக்கிய நாடுகளின் நிவாரண அமைப்பு கப்பல் கப்பலாகக் கால்நடைகளை அனுப்பியது. கடலில் அவற்றைக் கவனிக்க ஆள் வேண்டுமே! 1945 முதல் 1947 வரை ஏறத்தாழ 7,000 பேர் அந்த வேலைக்குப் போனார்கள். கல்லூரி மாணவர்கள், பண்ணைப் பையன்கள், போதகர்கள், முதியவர்கள் என்று பலதரப்பட்டவர்கள். 'கடலோடி மாட்டுக்காரர்கள்' என்று அவர்களுக்குப் பெயர். ஆடும் கப்பலின் அடித்தளத்தில் தீனி போட்டு, தண்ணீர் காட்டி, சாணம் அள்ளி, வழியில் செத்ததைக் கடலில் இறக்கி, மிஞ்சியதைப் போலந்திலும் கிரேக்கத்திலும் கரை சேர்த்தார்கள்.

1950-களில் கொரியாவின் முறை வந்தது. போரில் ஊரெல்லாம் எரிந்திருந்தது. 1952-இல் அடைக்கு வைப்பதற்கான கோழி முட்டைகளை விமானத்தில் ஏற்றி அனுப்பினார்கள். தொடர்ந்து மாடுகளும் ஆடுகளும் பன்றிகளும் போயின. கொரிய விவசாயிகள் பலர் தங்கள் பண்ணையை அந்த உயிர்களிலிருந்துதான் மறுபடி தொடங்கினார்கள்.

எழுபது ஆண்டுகள் கழித்து அந்தக் கணக்கு நேர் செய்யப்பட்டதுதான் இந்த வரலாற்றில் என் மனத்தில் ஆழமாகத் தங்கிய பகுதி. 2022-இன் இறுதியில் தென்கொரியாவிலிருந்து கறவை மாடுகள் நேபாளத்துக்கு விமானம் ஏறின. மொத்தம் 101 உருப்படி. சிந்துலி மாவட்டத்து விவசாயக் குடும்பங்களுக்கு அவை போய்ச் சேர்ந்தன. ஒரு காலத்தில் கையேந்திய நாடு, தன் முதல் கன்றை அடுத்த வீட்டுக்கு அவிழ்த்துவிட்டது. இடையில் இரண்டு தலைமுறை போயிருந்தாலும் கொரியா கடனை மறக்கவில்லை.

நமக்குத் தெரிந்த கணக்குதான்

'பரிசைக் கைமாற்றுதல்' என்று அவர்கள் சொல்லும் இந்த ஏற்பாட்டைப் படித்தபோது, வெள்ளைக்காரர்கள் புதிதாக ஏதோ கண்டுபிடித்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. எங்கள் பாட்டி நான்கைந்து ஆடுகளை வாரத்துக்கு விட்டிருந்தார். ஆடு பாட்டியுடையது, வளர்ப்பு எதிர்வீட்டுக்காரருடையது, ஈனும் குட்டியில் ஆளுக்குப் பாதி. முதல் இல்லாதவர் முதலாளியாவதற்குத் தென்மாவட்டக் கிராமங்களில் இருந்த ஒரே வாசல் அதுதான். வாரத்துக்கு வாங்கிய ஒற்றைப் பெட்டையிலிருந்து முப்பது உருப்படி கண்டவர்களை எனக்குத் தெரியும்.

இன்னும் பின்னால் போனால் சோழர் கல்வெட்டுகள். கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய வேண்டும் என்றால் பொன்னாகக் கொடுப்பதைப் போலவே ஆடாகவும் கொடுத்தார்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுக் கணக்கில் ஒரு விளக்குக்கு 96 ஆடுகள், அல்லது 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள். பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். அந்த ஆடுகளுக்குக் கல்வெட்டுகள் சூட்டிய பெயர் 'சாவா மூவாப் பேராடு'. சாகாத, மூப்படையாத ஆடு! ஆடு சாகும், கிழடாகும். ஆனால் செத்ததற்கும் கிழடானதற்கும் ஈடாகக் குட்டியை வைத்து எண்ணிக்கையைக் குறையாமல் காப்பார்கள். ஆகவே மந்தைக்குச் சாவில்லை, விளக்கும் அணையாது. பிச்சைக்கும் முதலுக்கும் உள்ள வேறுபாட்டை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் வெட்டியிருக்கிறார்கள்.

இந்த மூன்றும் ஒரே குடும்பத்துக் கணக்கு என்றாலும் ஒரு வேறுபாடு உண்டு. வாரத்தில் குட்டி கொடுத்தவர் வீட்டுக்கே திரும்புகிறது. சாவா மூவா ஆட்டில் நெய் கோயிலுக்குத் திரும்புகிறது. டான் வெஸ்டின் கன்று கொடுத்தவரிடம் திரும்பாமல் அடுத்த வீட்டுக்குப் போகிறது. அதனால்தான் பெற்றவர் யாருக்கும் தலைகுனிய வேண்டியதில்லை. அவர் கடன்பட்டிருப்பது தன்னைப் போலவே இல்லாத இன்னொருவருக்கு.

ருவாண்டா நாடு இதை அரசுத் திட்டமாகவே ஆக்கியது. 1994 இனப்படுகொலையில் மனிதர்களோடு மாடுகளும் அழிந்த நாடு அது. 2006-இல் அங்கே 'கிரிங்கா' தொடங்கியது. 'உனக்கு ஒரு பசு வாய்க்கட்டும்' என்று ஒருவரையொருவர் வாழ்த்தும் அந்த ஊர்ச் சொல்லே திட்டத்தின் பெயரானது. ஏழைக் குடும்பத்துக்கு ஒரு பசு. முதல் பெண் கன்று பக்கத்து வீட்டுக்கு. 2018 ஜூலையில் பிரதமர் நரேந்திர மோடி அங்கே சென்றபோது, ருவேரு கிராமத்துக்கு இந்தியாவின் பரிசாக 200 பசுக்களை வழங்கினார். இந்தியாவிலிருந்து ஏற்றிப் போகாமல் ருவாண்டாவிலேயே வாங்கிக் கொடுத்த மாடுகள். அது சரியான முடிவு. மண்ணுக்குப் பழகிய மாடுதான் மண்ணில் நிற்கும்.

பிரிட்டனின் 'செண்ட் எ கவ்' அமைப்பும் இதைப் பட்டறிவில்தான் கற்றது. 1988-இல் உகாண்டாவுக்கு விமானத்தில் மாடுகளை அனுப்பத் தொடங்கியது அது. பைத்திய மாட்டு நோய் பிரிட்டனைத் தாக்கிய பிறகு அங்கிருந்து மாடு அனுப்புவதை விட்டுவிட்டு, ஆப்பிரிக்காவிலேயே வாங்கிக் கொடுக்கத் தொடங்கியது. அதில் செலவு குறைந்தது, மாடும் பிழைத்தது.

முகிசா என்ற ஆடு

இந்த ஆட்டுப் பரிசை அமெரிக்க வீடுகளின் கிறிஸ்துமஸ் வழக்கமாக்கியதில் ஓர் உகாண்டா சிறுமியின் கதைக்குப் பெரிய பங்கு உண்டு. அவர் பெயர் பியாட்ரிஸ் பீரா. மேற்கு உகாண்டாவின் மலையோரக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். வீட்டில் பிள்ளைகள் அதிகம், பள்ளிக் கட்டணத்துக்கு வழியில்லை. 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்துத் தேவாலயம் ஒன்றின் பிள்ளைகள் சேர்த்த காசு ஹெய்ஃபர் வழியாக ஆடுகளாக மாறியது. அதில் ஒன்று இவர்கள் வீட்டுக்கு வந்தது. பெயர் முகிசா, 'அதிர்ஷ்டம்' என்று பொருள். முகிசா இரட்டைக் குட்டி ஈன்றது. பால் வீட்டுக்கும் ஆனது, விற்கவும் ஆனது. வயது கடந்த பிறகு பியாட்ரிஸ் முதல் முறையாகப் பள்ளி வகுப்பில் உட்கார்ந்தார்.

2001-இல் அந்தக் கதை குழந்தைகளுக்கான படப்புத்தகமாக வந்து பரவலாக வாசிக்கப்பட்டது. பியாட்ரிஸ் உதவித்தொகையில் அமெரிக்கா சென்று, 2008-இல் கனெக்டிகட் கல்லூரியில் பட்டம் பெற்றார். ஆட்டுக்குக் காசு சேர்த்த பிள்ளைகளின் மாநிலத்திலேயே அவர் பட்டம் வாங்கினார்.

கதை உண்மை. ஆனால் ஒரு கதையை மட்டும் வைத்துக் கணக்கு முடிக்கக் கூடாது. பியாட்ரிஸின் வெற்றிக்கு ஆடு மட்டுமே காரணம் என்று சொன்னால் அவருடைய அம்மாவின் உழைப்பையும், ஆட்டோடு வந்த பயிற்சியையும், பின்னால் கிடைத்த உதவித்தொகையையும், எல்லாவற்றுக்கும் மேலாக அந்தப் பெண்ணின் படிப்பையும் மறைத்தவர்கள் ஆவோம். முகிசா கதவைத் திறந்தது. உள்ளே நடந்தது அவர்.

ஆட்டைக் கொடுத்தால் போதுமா?

2004-இல் பிரிட்டனின் ஆக்ஸ்ஃபாம் 'அன்ராப்ட்' என்ற பரிசுப் பட்டியலைத் தொடங்கியது. ஆடு அதில் பெரிய நட்சத்திரமானது. வேர்ல்ட் விஷன் உள்ளிட்ட பல அமைப்புகளுக்கும் இதே போன்ற பட்டியல்கள் உண்டு. கோழிக்குஞ்சுக் கூட்டம் 20 டாலர், ஆடு 120 டாலர், கிடாரி 500 டாலர் என்று ஹெய்ஃபரின் பட்டியல் பல ஆண்டுகளாகச் சொல்லி வந்தது. முழு ஆட்டுக்கு வழியில்லாதவர் 10 டாலருக்கு ஆட்டில் ஒரு பங்கு கொடுக்கவும் அதில் வழியிருந்தது.

விற்பனை பெருகியபோது எதிர்ப்பும் கிளம்பியது. வறண்ட நிலத்தில் ஆட்டைப் பெருக்கினால் முளைக்கும் செடியெல்லாம் மொட்டையாகும் என்றார்கள் சூழலியலாளர்கள். தண்ணீருக்கே நடக்கும் குடும்பத்திடம் இன்னொரு வாயை ஒப்படைப்பது உதவியா என்று கேட்டார்கள் விலங்கு உரிமைக்காரர்கள். கையில் பணத்தைக் கொடுங்கள், ஆடு வேண்டுமா கூரை வேண்டுமா என்று அவர்களே முடிவு செய்யட்டும் என்றது கென்யாவில் ஏழைகளுக்கு நேரடியாகப் பணம் அனுப்பும் 'கிவ்டைரக்ட்லி' போன்ற அமைப்புகளின் தரப்பு.

இவற்றில் எதையும் பொறாமைப் பேச்சு என்று தள்ளிவிட முடியாது. ஆடு வளர்த்தவர்களுக்கு இது தெரியும். ஆடு என்பது காசு மட்டுமல்ல, வேலையும்கூட. விடிந்தால் தழை ஒடிக்க வேண்டும். குடற்புழு நீக்க வேண்டும். ஆட்டுக்கொல்லி நோய்க்கும் துள்ளுமாரிக்கும் தடுப்பூசி போட வேண்டும். மழைக்காலத்தில் ஈரத்தரையில் படுத்தால் நோய் வரும்; பரண் வேண்டும். நல்ல இனக் கிடா பக்கத்தில் இல்லாவிட்டால் இனவிருத்தி கெடும். ஒரு நல்ல ஆடு செத்தால் பணக்காரருக்கு நட்டம். ஏழைக்கு அது வாங்கிய கடனோடு சேர்ந்த இழவு.

இந்த விவாதத்தை உணர்ச்சியிலிருந்து மீட்டுச் சோதனைக்குக் கொண்டுவந்தவர்கள் பொருளியலாளர்கள். வங்கதேசத்தின் 'பிராக்' அமைப்பு 2002-இல் கடைக்கோடி ஏழைகளுக்கென்று ஒரு திட்டம் தொடங்கியது. மாடோ ஆடோ கொடுப்பார்கள், அது பலன் தரும்வரை சாப்பாட்டுச் செலவுக்குச் சிறு தொகை கொடுப்பார்கள், வளர்க்கக் கற்றுக்கொடுப்பார்கள், சேமிக்கப் பழக்குவார்கள், வாரந்தோறும் ஒருவர் வீட்டுக்கு வந்து பார்ப்பார். இதே முறையை எத்தியோப்பியா, கானா, ஹோண்டுராஸ், இந்தியா, பாகிஸ்தான், பெரு ஆகிய 6 நாடுகளில் நடத்திப் பார்த்தார்கள். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்ட குழு, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களை வைத்துச் செய்த அந்த ஆய்வு 2015-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியானது. உதவி நின்று ஓராண்டு கழித்தும் அந்தக் குடும்பங்களின் உணவும் வருமானமும் சேமிப்பும் உயர்ந்தே இருந்தன. மேற்கு வங்கத்தில் பத்தாண்டு கழித்துப் பார்த்தபோதும் முன்னேற்றம் நிலைத்திருந்தது.

கானாவில் கூடுதலாக இன்னொரு சோதனையும் செய்தார்கள். சில குடும்பங்களுக்கு முழுத் திட்டம்; சில குடும்பங்களுக்கு ஆடு மட்டும். ஆடு மட்டும் பெற்ற குடும்பங்களில் அந்த நீடித்த முன்னேற்றம் தென்படவில்லை.

எனக்கு இதில் ஐயமே இல்லாமல் விடை கிடைத்துவிட்டது. ஆடு ஏழ்மையைப் போக்குவதில்லை. ஆட்டோடு வருகிற மனிதர் போக்குகிறார். தடுப்பூசி போட வருபவர், தீவனப்புல் நடச் சொல்லித்தருபவர், ஈற்று நேரத்தில் கூப்பிட்டால் ஓடிவருபவர், சந்தையில் ஏமாறாமல் விற்கக் கற்றுக்கொடுப்பவர் ஆகியோரோடு வந்த ஆடு நிற்கிறது. தனியாக வந்த ஆடு, அடுத்த பஞ்சத்திலோ அடுத்த மருத்துவச் செலவிலோ விலையாகிப் போகிறது.

தமிழ்நாடும் இதற்கு அயலூர் இல்லை. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா ஆடுகள் திட்டம், 5 ஆண்டுகளில் 7 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்குத் தலா 4 ஆடுகள் என்ற இலக்கோடு வந்தது. இத்தனை பெரிய அளவில் ஆடு கொடுத்த நமக்கு, கொடுத்த பிறகு கொட்டிலுக்குப் போய்ப் பார்க்கும் கடமையும் அதே அளவு பெரியது. கிராமத்துக் கால்நடை மருந்தகத்தில் காலியாகக் கிடக்கும் ஒரு மருத்துவர் பணியிடம் நூறு ஆடுகளின் பலனைத் தின்றுவிடும்.

அட்டையின் சிறிய எழுத்து

பரிசு அட்டை பெறுபவர்கள் ஓர் உண்மையைத் தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் பெயரில் கொடுக்கப்பட்டது என்றால், உங்கள் பெயர் சூட்டிய ஓர் ஆடு எங்கோ நிற்கிறது என்று பொருளில்லை. பெரும்பாலான அமைப்புகள் பணத்தைப் பொதுவில் சேர்த்து, எங்கே எது தேவையோ அங்கே செலவிடுகின்றன. அட்டையின் அடியில் சிறிய எழுத்தில் அதைச் சொல்லியும் இருக்கின்றன. முதலில் எனக்கு இது ஏமாற்றமாக இருந்தது. யோசித்த பிறகு இதுவே முறை என்று பட்டது. என் 120 டாலரில் ஆடு வாங்குவதற்குப் பதில், ஏற்கெனவே ஆடு வாங்கிய பத்து வீடுகளுக்குத் தடுப்பூசி போட்டால் அது குறைந்த தருமமா என்ன? ஆனால் அதைச் சிறிய எழுத்தில் சொல்லாமல் பெரிய எழுத்தில் சொல்ல வேண்டும். கொடுப்பவரைக் குழந்தையாக எண்ணி ஆட்டுக்குட்டிப் படம் காட்டுவதைவிட, பெரியவராக எண்ணிக் கணக்கைக் காட்டுவது நல்லது.

பரிசாக ஓர் ஆட்டைக் கொடுக்க நினைப்பவர்கள் பணம் கட்டுமுன் இந்த ஐந்தையும் கேளுங்கள். இதில் முதல் இரண்டும் அம்மாவின் மூன்று கேள்விகளிலிருந்து வந்தவை.

1. கொடுப்பது சினையுள்ள பெட்டையா, அந்தந்த ஊர் மண்ணுக்குப் பழகிய இனமா?

2. தீவனத்துக்கும் தண்ணீருக்கும் வழியுள்ள குடும்பமா? இல்லையென்றால் ஆட்டுக்குப் பதில் வேறு என்ன தருகிறார்கள்?

3. கொட்டில், பயிற்சி, தடுப்பூசி, மருத்துவம் ஆகியவை ஆட்டோடு சேர்ந்து வருகின்றனவா, எத்தனை ஆண்டுக்கு?

4. ஆட்டை ஏற்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமை அந்தக் குடும்பத்துக்கு, குறிப்பாக ஆட்டைப் பார்த்துக்கொள்ளப்போகும் பெண்ணுக்கு, இருக்கிறதா?

5. முதல் குட்டி அடுத்த வீட்டுக்குப் போகிறதா? போனதை யாராவது பார்த்து எழுதி வைக்கிறார்களா?

அமெரிக்காவுக்கு 14 பசுக்கள்

கால்நடையைப் பரிசாகப் பெறுவது ஏழை நாடுகள் மட்டும் என்று எண்ணிவிடக் கூடாது. கென்யாவின் மாசாய் இளைஞர் வில்சன் கிமேலி நையோமா அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்தார். 2001 செப்டம்பர் 11 அன்று அவர் நியூயார்க்கில் இருந்தார். மறு ஆண்டு சொந்த ஊரான எனூசாயென் கிராமத்துக்குத் திரும்பி, இரட்டைக் கோபுரங்கள் விழுந்ததையும், மனிதர்கள் செத்ததையும் பெரியவர்களிடம் சொன்னார். வானளவு உயரக் கட்டடம் என்பதையே கண்டிராத அந்த மக்கள் அழுதார்கள்.

2002 ஜூன் மாதம், அமெரிக்கத் தூதரக அதிகாரி ஒருவரை ஊருக்கு வரவழைத்தார்கள். மந்திரம் சொல்லி வாழ்த்தி, 14 பசுக்களை அமெரிக்க மக்களுக்கு ஒப்படைத்தார்கள். மாசாய் வாழ்க்கையில் பசுவைவிடப் பெரிய செல்வம் கிடையாது. துக்கத்தில் இருப்பவருக்கு ஆறுதலாகக் கொடுக்க அவர்களிடம் இருந்ததிலேயே உயர்ந்தது அது. பசுக்களைக் கடல் கடத்துவது நடக்காத காரியம். ஆகவே அவை அந்த ஊரிலேயே, அமெரிக்காவின் பசுக்களாக, வெட்டாமல் விற்காமல் காக்கப்பட்டன. மந்தை பெருகியது.

உலகின் பெரிய பணக்கார நாட்டிடம், உலகின் மிக எளிய மேய்ப்பர்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: எங்கள் பரிசை மதித்து ஏற்றுக்கொள்ளுங்கள். கொடுக்கத் தெரிந்தவர்களுக்குப் பெறத் தெரிவதும் ஒரு பண்பு என்பதை அந்த 14 பசுக்கள் கற்றுத்தந்தன.

எனக்கு ஒரு குட்டி பாக்கி

என் பெயரில் ஆடு போய் ஓராண்டு ஆகிவிட்டது. வெள்ளாட்டின் சினைக்காலம் ஐந்து மாதம். அந்தப் பணம் உண்மையிலேயே ஓர் ஆடாகி, அது நல்லபடியாக இருந்தால் இந்நேரம் ஈன்றிருக்கும். முதல் பெட்டைக்குட்டி இன்னொரு வீட்டுக்குப் போகத் தயாராகியிருக்கும். எங்கோ ஒரு நாட்டில் ஒன்றுமில்லாத ஒரு பெண் நிபந்தனையை மறக்காமல் தன் குட்டியை அடுத்த வீட்டில் கட்டும்போது, அட்டையைப் பெற்ற நான் மட்டும் அதை மேசையில் சாய்த்து வைத்துவிட்டுச் சும்மா இருப்பது என்ன நியாயம்?

போன மாதம் ஒரு சனிக்கிழமை எட்டயபுரம் ஆட்டுச் சந்தைக்குப் போனேன். அம்மாவும் வந்தார். பல்லைப் பார்த்து, மடியைத் தொட்டு, முதுகை நீவி, கடைசியில் ஒரு சினைப் பால்கன்னியைக் கை காட்டினார். எங்கள் ஊரில் கணவரை இழந்த ஒரு பெண்ணிடம் முன்பே பேசி, அவர் சரி என்ற பிறகுதான் வாங்கினோம். பரண் அடிக்கக் கம்பும் பலகையும் கொடுத்தோம். கால்நடை மருந்தகத்தில் தடுப்பூசித் தேதிகளைக் கேட்டு அவர் வீட்டு நாள்காட்டியில் குறித்தோம். கயிற்றைக் கையில் கொடுக்கும்போது அம்மா சொன்னார்: "எங்களுக்கு ஒண்ணும் திருப்பித் தர வேண்டாம்மா. முதப் பெட்டக்குட்டிய மட்டும் உனக்கு அடுத்தாப்புல இல்லாதவ வீட்டுல கட்டிரு."

இந்த டிசம்பரில் உங்களுக்கும் அப்படி ஓர் அட்டை வரலாம். மகிழ்ச்சியோடு பெற்றுக்கொள்ளுங்கள், அனுப்பிய பிள்ளையின் மனத்தை வாழ்த்துங்கள். மாட்டுப் பொங்கலுக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. அதற்குள் உங்கள் தெருவில், உங்கள் ஊரில், ஒரு பெட்டைக்குட்டியோ கோழிக்குஞ்சோ ஒரு தடுப்பூசிச் செலவோ ஒருவருக்குப் போய்ச் சேரட்டும். பரிசு பெற்ற எல்லோருக்கும் ஒரு குட்டி பாக்கி இருக்கிறது.